பாதி வெட்டி விட்டுப்போன வாகைமரம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் முந்தானையை முறுக்கி முறுக்கிக் கசக்கிவிடுவேன். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். எனக்கு வந்த சம்பந்தம் எதுவும் கூடாமல் போனதற்கு இந்தக் குணம்தான் காரணம் என்பது அண்ணியின் அபிப்பிராயம். ராணிப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. வகுப்பில் நாள் பூராவும் நடந்துகொண்டே இருக்கலாம். ஏன் நடக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அம்மா வேலூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். சனிக்கிழமை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஆற்காட்டுக்கு வருவேன். அங்கிருந்து பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. பஸ்ஸுக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் கித்தான் திரையைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். டிரைவர் மேல்விஷாரத்துக்காரர், நாற்பதைத் தாண்டிய ஒரு பாய். தன் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தார். அதனால் வாரா வாரம் முன் வரிசையில் ஓரத்து இடத்தை எனக்காக வைத்திருந்து, போகிற வழியெல்லாம் அதைப்பற்றியே பேசிக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் தை கழிந்ததும் ரோட்டோரத்து மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். பஸ் அதிகமாகிவிட்டது, ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்று சொன்னார்கள். வேலூரைச் சேர்ந்த ஒரு காண்டிராக்டர் ஏலம் எடுத்திருந்தார். வெட்டிய மரம் செங்கல் சூளைக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கும் விறகாகப் போயிற்று. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்ப்பேன், வெட்டவெளி கொஞ்சம் கொஞ்சமாக ஆற்காட்டுப் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வெயில் வந்தது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அவர்கள் வெட்டிய விதம்தான் பயமாக இருந்தது.

ரோட்டோரத்தில் இருக்கிற மரத்தை வெட்டுவதென்றால் முதலில் கிளைகளைக் கழிப்பார்கள். பிறகு உச்சியில் வடம் கட்டி, எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் நாலு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். ரோட்டில் இரு முனையிலும் ஆள் நின்று வண்டிகளை நிறுத்துவான். எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை அப்படித்தான் வெட்டினார்கள், நானே பார்த்திருக்கிறேன். இங்கே அதெல்லாம் எதுவும் இல்லை. நாலு பேர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள், மரம் முறியும் சத்தம் கேட்டதும் ஒருவன் கத்துவான். கத்துகிற நேரத்தில் கீழே யார் வருகிறார்களோ அவர்கள் பாடு. ஒரு வாரம் எங்கள் பஸ் தாண்டிய கையோடு பின்னால் ஒரு மரக்கொம்பு விழுந்து புழுதி எழும்பியது. இன்னொரு வாரம் சத்தத்துக்கு மிரண்ட ஒரு ஜட்காக் குதிரை வண்டியோடு பள்ளத்தில் இறங்கி, உள்ளே இருந்த அம்மாளுக்குக் கை முறிந்ததாகச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் பஸ் அங்கே மெதுவாகப் போனபோது, குடை பிடித்து நின்ற மேஸ்திரியிடம் நான் இறங்கிப் போய்க் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆளை நிறுத்தினால் என்ன என்று. அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர் போலத்தான் பேசினார். ஆளை நிறுத்தினால் அந்த ஆளுக்கும் கூலி, காண்டிராக்டர் கேட்பார் என்றார். வண்டிகள் நிற்காமல் போனால் ஒன்றும் ஆகாது, நின்று நின்று பார்க்கிறவர்களால்தான் தொல்லை என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்ப ஏறியபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டிரைவர் பாய் மட்டும், "வுடுங்க டீச்சரம்மா, நாளைக்கு நீங்களும் நானும் இதே ரோட்டுலதான் போவணும்," என்று தணிந்த குரலில் சொன்னார்.

பங்குனியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவது ஒரு திங்கட்கிழமை. அந்த வாரம் வேலூர் போகவே கூடாது என்று இருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்னதால் போனேன். ஞாயிறு முழுவதும் காய்ச்சல் இறங்கவில்லை. திங்கள் விடியற்காலையில்தான் வியர்த்தது. அண்ணி சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் பஸ்ஸுக்கு ஓடினேன். பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டிய பாட்டு ஒரு பக்கமும் அம்மாவின் நெற்றிச் சூடு ஒரு பக்கமுமாக மனசு அலைந்துகொண்டிருந்தது.

மேல்விஷாரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பஸ் நின்றுவிட்டது. தோல் ஷாப்புகளின் சுண்ணாம்பு வாடை காற்றில் வர ஆரம்பித்திருந்தது. முன்னால் ஆவாரம்பட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி நின்றிருந்தது. தோல் பதனிட அந்தப் பட்டைதான் வேண்டும், கட்டுக் கட்டாக வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். வண்டிக்காரர் மாடுகளின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டின் இடது ஓரத்தில் பெரிய வாகைமரம் ஒன்று. இலையெல்லாம் உதிர்ந்துபோய் மரம் பூராவும் காய்ந்த நெற்றுகள் தொங்கின. காற்று லேசாக வந்தாலும் அத்தனை நெற்றும் கலகலவென்று பேசும். அதன் அடியில் ஆட்கள் யாரும் இல்லை. வெள்ளையாக மரச்செதில்கள் கிடந்தன. அடிமரத்தில் வயல் பக்கம் ஆழமாக ஒரு வெட்டு, ரோட்டுப் பக்கம் அதைவிட ஆழமாக இன்னொரு வெட்டு. நடுவில் என் இடுப்பளவுகூட இல்லாத கட்டையின் மேல் அத்தனை பெரிய மரமும் நின்றுகொண்டிருந்தது. ரோட்டின் மேல் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் இறங்கினோம். வயலில் ஒரு குடியானவர் வரப்பில் நின்றிருந்தார். அவரிடம் போய் நான் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் மரத்தைத் தன் வயலில் சாய்க்கப் பார்த்தார்களாம். கேழ்வரகு கதிர் விட்டிருக்கிறது, என் பயிரின் மேல் தள்ளினால் விட மாட்டேன் என்று இவர் மறித்திருக்கிறார். எதிர்ப்பக்கம் தந்திக் கம்பி போகிறது. அந்தப் பக்கம் தள்ளினால் கம்பி அறுந்து பெரிய கேசாகிவிடும் என்று மரம் வெட்டுகிறவர்களுக்குப் பயம். ரோட்டோடு நீளவாக்கில் சாய்க்கலாம் என்று வெட்டிப் பார்த்துவிட்டு, வடம் இல்லாமல் முடியாது, மேஸ்திரி வந்து சொல்லட்டும் என்று கோடாலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேஸ்திரி வேலூரில் இருந்தார். காலையில் வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் இன்னும் வரவில்லை. ராத்திரி இருட்டில் எத்தனை வண்டி அதன் கீழே போயிற்றோ என்று குடியானவர் சொன்னார். அவர் முகத்தில் பயிரைக் காப்பாற்றிய திருப்தியும் இல்லை. "நான் மறிச்சது தப்பாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்தன. எதிர்ப்பக்கம் ஒரு ஜட்கா, மூங்கில் வண்டி ஒன்று, தலைச்சுமைக்காரர்கள். எங்கள் பஸ்ஸில் வந்த வயசான தோல் வியாபாரி ஒருவர், வெள்ளைத் தாடியும் கறுப்புக் குடையுமாக, மரத்தடியில் போகாமல் வரப்போடு சுற்றி எதிர்ப்பக்கம் போய்க் குடையை விரித்து நடு ரோட்டில் நின்றுகொண்டார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் இந்தப் பக்கத்துக்கு நான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வேலியில் வெட்டிப் போட்டிருந்த கருவேல முள்ளைக் கிளீனரும் வண்டிக்காரருமாக இழுத்து, பஸ்ஸுக்குப் பின்னால் ரோட்டின் குறுக்கே போட்டார்கள். அதற்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். நிற்கவா செய்தேன், இங்கும் அங்கும் நடந்தேன். சூரியனைப் பார்ப்பேன், மரத்தைப் பார்ப்பேன், இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா இந்நேரம் வந்திருப்பார் என்று நினைப்பேன், அம்மாவுக்கு மறுபடியும் காய்ச்சல் ஏறியிருக்குமோ என்று நினைப்பேன். நெற்றுகள் கலகலக்கும்போதெல்லாம் எல்லாருடைய பேச்சும் நின்றுவிடும்.

வண்டிக்காரருக்கு முப்பது வயதிருக்கும். தன் சொந்த மாடுகள், கடன் வாங்காமல் வாங்கினது என்று சொன்னார். வலது பக்கத்து மாடு கொஞ்சம் கோபக்காரன், ஆனால் இடதை விட அதன்மேல்தான் தனக்கு ஆசை ஜாஸ்தி என்றார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டக் குடியானவரின் கிணற்றுக்கு இரண்டு முறை போய்வந்தார். அவசரப்படவே இல்லை. என் நடையைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இப்டி தவிக்கிறீங்க, நெழல்ல வந்து குந்துங்க," என்று வண்டி நிழலைக் காட்டினார். என்னால் உட்கார முடியவில்லை.

அப்போது வேலூர்ப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. முன்னால் டவாலி போட்ட சேவகர், பின்னால் கோட் போட்ட ஒரு பெரிய உத்தியோகஸ்தர். நான் இரண்டு கையையும் விரித்து நின்றேன். கார் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றது. சேவகர் இறங்கி வந்து அதட்டினார். நான் மரத்தைக் காட்டினேன். உத்தியோகஸ்தர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார், சொன்னேன். எப்போதிலிருந்து இப்படி நிற்கிறது என்று கேட்டார், குடியானவர் சொன்னார்.

"ராத்திரி பூரா நின்ன மரம், ரெண்டு நிமிஷம் நிக்காதா?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். நின்ற மரம் இன்னும் நிற்கும் என்று யார் சொன்னது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது, விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கார் டிரைவருக்குக் கையைக் காட்டினார். சேவகர் முள்ளை ஓரமாக இழுத்தார். முன்னால் நின்ற பட்டை வண்டியையும் பஸ்ஸையும் ஒதுக்கச் சொன்னார்கள். வண்டிக்காரர் மாடுகளைப் பின்னுக்குத் தள்ளி, வண்டியை ரோட்டோரத்துச் சரிவில் இறக்கிக்கொண்டார். கார் ஒரே வீச்சில் மரத்தைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் குடை பிடித்திருந்த பெரியவர் கடைசி நிமிஷத்தில் ஒதுங்க வேண்டியிருந்தது.

மரம் அசையவில்லை.

அதோடு எல்லாருக்கும் பயம் விட்டுப்போயிற்று. இத்தனை நேரம் எதற்காக நின்றோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஜட்கா இந்தப் பக்கம் வந்துவிட்டது, மூங்கில் வண்டியும் வந்துவிட்டது. டிரைவர் பாய் கொஞ்சம் யோசித்தார். பயணிகளை வரப்பு வழியாகச் சுற்றிவரச் சொல்லிவிட்டு, காலி பஸ்ஸை வேகமாக ஓட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நிறுத்தினார். நாங்கள் வரிசையாக வரப்பில் நடந்தோம். நான்தான் கடைசி, திரும்பித் திரும்பிப் பார்த்ததால்.

பட்டை வண்டி சரிவிலிருந்து ஏற நேரம் பிடித்தது. பாரம் ஜாஸ்தி. சக்கரத்துக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லாமல் வண்டிக்காரரே தள்ளி, அவரே முன்னால் ஓடிப் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் போய்விட்டார்கள், இனி ஒரு ஆள்தானே என்ற நிதானத்தில் மாடுகளோடு பேசிக்கொண்டே வந்தார். நான் வரப்பில் மரத்துக்கு நேர் எதிரே நின்றுவிட்டேன். ரோட்டின் மேல் நீண்டிருந்த கீழ்க்கொம்பில் பட்டைக் கட்டு உரசிவிடுமோ என்று பார்த்தேன். உரசவில்லை. மேல் கட்டுக்கும் கொம்புக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி, அதில் வானம் தெரிந்தது. வண்டியின் முன்பாதி அதைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் காற்று வந்தது. பெரிய காற்றில்லை, பங்குனியில் ரோட்டுப் புழுதியைச் சுருட்டிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி ஒரு சுழல். கேழ்வரகுக் கதிர் எல்லாம் ஒரே பக்கம் படுத்தது. நெற்றுகள் ஒரேயடியாகக் கலகலத்தன. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. அடிமரத்திலிருந்து துணி கிழிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மரம் மெதுவாகத்தான் வந்தது போல எனக்கு இருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்ததையும் கயிற்றை விடாமல் மாட்டைத் தன் பக்கம் இழுத்ததையும் பார்த்தேன்.

நான் வயலுக்குள் இறங்கி ஓடினேன். கதிரெல்லாம் காலில் மிதிபட்டது. குடியானவரும் என் பக்கத்தில் ஓடிவந்தார். வலது பக்கத்து மாடு நடுமரத்தின் அடியில் கிடந்தது, அதற்கு உயிர் இல்லை. இடது மாடு முறிந்த நுகத்தோடு நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்காரரைக் காணவில்லை. பட்டைக் கட்டுகள் சரிந்து ஒரு மேடாகக் கிடந்தன, அதன்மேல் ஒரு பெரிய கொம்பு தாங்கிக்கொண்டிருந்தது. கட்டுகளை இழுத்துப் போட்டபோது கீழே அவர் முகம் தெரிந்தது. அந்தக் கட்டுகள் இல்லாவிட்டால் மார்பு நசுங்கியிருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் அந்தக் கொம்பின் அடியில் மாட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. வலது மாட்டைப் பற்றித்தான் கேட்டார். நான் அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்தேன்.

கொம்பை யாராலும் அசைக்க முடியவில்லை. டிரைவர் பாயும் கிளீனரும் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மரம் வெட்டுகிற நாலு பேரும் மேஸ்திரியும் வேலூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். தோளில் புது வடம். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்கள் அன்று வேலை செய்த மாதிரி நான் யாரும் வேலை செய்து பார்த்ததில்லை. கோடாலி அவர் கால் பக்கத்தில் விழுந்துவிடக் கூடாது. ஒருவன் மட்டும் சின்னச் சின்ன வெட்டாக வெட்ட, மற்ற மூன்று பேர் கொம்பு அதிராமல் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வெட்டினவன் அழுதுகொண்டே வெட்டினான். மேஸ்திரி ஓரமாகத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொம்பு விட்டதும் எல்லாருமாக வண்டிக்காரரைத் தூக்கி, பஸ்ஸின் தரையில் கோணியை விரித்துப் படுக்க வைத்தோம். வேலூருக்குத் திரும்ப வழியில்லை, ரோட்டில் மரம் கிடந்தது. ராணிப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி பூராவும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நான் பஸ் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்ஷன் முடிந்துவிட்டது. ரத்தமும் மண்ணுமாக இருந்த புடவையைப் பார்த்துத் தலைமை ஆசிரியை அம்மா ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் கஷ்டமானவை. போலீஸ் விசாரித்து கேஸ் போட்டார்கள். காண்டிராக்டர் தரப்பில் சொன்னது இதுதான்: நாங்கள் ரோட்டில் ஆள் நிறுத்தியிருந்தோம், வண்டிக்காரன் கேட்காமல் போனான். அவன் பாரத்தை அளவுக்கு மேல் அடுக்கியிருந்தான். கட்டு கொம்பில் மாட்டி இழுத்ததால்தான் மரம் விழுந்தது. அழுதுகொண்டே கொம்பை வெட்டினவனையே, காலையிலிருந்து காவலுக்கு நின்ற ஆள் என்று சாட்சியாகக் காட்டினார்கள். அவன் நிலைமையை நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. விழுந்ததை நேராகப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான், நானும் குடியானவரும். குடியானவர் எனக்குக் கொஞ்சம் பின்னால் நின்றிருந்ததால், கட்டு உரசியதா இல்லையா என்பது தனக்குச் சரியாகத் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூட மானேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ பொய் சொல்ல வேண்டாம், ஆனால் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லவும் வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் தங்கியிருந்த பள்ளிக்கூட விடுதிக்கு அந்தக் காண்டிராக்டரிடமிருந்துதான் விறகு வந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அண்ணனும் வந்து பேசினார். கோர்ட்டில் ஏறி நிற்கிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கவலை. அண்ணி அதற்கு மேலும் சொன்னார். அம்மா மட்டும், காய்ச்சலில் இளைத்துப்போன கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

எனக்கு அந்த நாட்களில் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் மேல் கட்டும் கொம்பும் வரும். இடையில் அந்த வானம் இருந்ததா, நான்தான் இருந்ததாக நினைத்துக்கொள்கிறேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வேன். விடுதிக்குள் அறைக்கும் கிணற்றடிக்குமாக நடப்பேன். எத்தனை முறை நினைத்தாலும் வானம் இருந்தது.

கோர்ட்டில் வக்கீல் கேட்ட கேள்விகள் நிறைய. அவற்றில் ஒன்றுதான் என்னைத் தடுமாற வைத்தது. நீ மரத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாய், அப்படி இருக்கும்போது வண்டியில் இருந்த கட்டுகளை எப்படிப் பார்த்திருப்பாய் என்று கேட்டார். கோர்ட் பூராவும் ஆண்கள். என் கை சாட்சிக் கூண்டின் கட்டையை விடவில்லை.

"உரசிடுமோன்னு பயந்தேன், அதனாலதான் அந்த எடத்தையே பாத்தேன்," என்றேன். "உரசல. காத்து வந்துது, அப்புறந்தான் விழுந்துது. காலையிலேருந்து அங்க ஒரு ஆளும் நிக்கல. நின்னது நானும் ஒரு பெரியவரும்."

பெரியவரும் வந்து அதையே சொன்னார். காரில் போன உத்தியோகஸ்தரை யாரும் கூப்பிடவில்லை, நான் சொன்னபோதும் அதை எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. காண்டிராக்டருக்கு அபராதம் போட்டார்கள், வண்டிக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுக்கவும் சொன்னார்கள். அது ஒரு மாட்டுக்குக் கூடப் போதாது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். மரம் வெட்டுவது சில வாரம் நின்று, வேறு ஒரு காண்டிராக்டர் கையில் மறுபடியும் தொடங்கியது. இப்போது இரண்டு முனையிலும் சிவப்புத் துணி பிடித்த ஆட்கள் நின்றார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவர் பாய் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவார். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. துணி பிடித்தவன் சில நாள் நிழலில் தூங்கிக்கொண்டிருப்பான். நான் பஸ்ஸிலிருந்தே அவனைக் கூப்பிட்டு எழுப்புவேன்.

வண்டிக்காரர் காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது நேராகவும் கூடவில்லை. மேல்விஷாரத்தில் அவர் பட்டை கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்த தோல் ஷாப்பிலேயே, பட்டையைத் தரம் பார்த்துப் பிரிக்கிற வேலை கொடுத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. கேஸ் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை டிரைவர் பாய் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வண்டிக்காரர் என்னைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று முறை சொல்லியனுப்பியிருந்தார்.

பட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழப் பார்த்தார், வேண்டாம் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள். இடது மாட்டை விற்றுவிட்டதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாக்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டதைச் சொன்னார். பிறகு மனைவி தண்ணீர் கொண்டுவரப் போன சமயம் பார்த்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, கட்டு நெஜமாவே படலையா? எனக்காவச் சொன்னீங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவருக்கு எதுவுமே நினைவில்லை. கிணற்றுக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனது வரைதான் ஞாபகம், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். பாரம் ஜாஸ்தி என்று எல்லாரும் சொன்னார்களே, தன் கையால் அடுக்கிய பாரம்தானே மாட்டைக் கொன்றது என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டே பட்டை பிரித்திருக்கிறார். கோர்ட்டில் நான் சொன்னதை, இரக்கப்பட்டு ஒரு டீச்சரம்மா சொன்னது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நான் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். முள் இழுத்துப் போட்டதை, கார் வந்ததை, அவர் ஒதுங்கி வழிவிட்டதை. மேல் கட்டுக்கும் கொம்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று கையால் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார், சொன்னேன். மாடு கத்தியதா என்று கேட்டார். இல்லை, ஒரு சத்தமும் போடவில்லை, உடனே போய்விட்டது என்றேன். கயிற்றை விடாமல் அதைத் தன் பக்கம் இழுத்தார் என்பதையும் சொன்னேன்.

"இசுத்தனா?" என்று கேட்டார்.

"இசுத்தீங்க. நான் பாத்தேன்."

அவர் முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார். மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் பாய் வந்து வாசலில் நின்றார். இன்னொரு தரம் சொல்லுங்கம்மா என்று வண்டிக்காரர் துண்டுக்குள்ளிருந்தே கேட்டார். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, நான் மறுபடியும், அவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய கிணற்றடியிலிருந்து ஆரம்பித்தேன்.